ஏத்தன்பழம் வதக்க எது நல்லது: சீனியா, வெல்லமா, கருப்பட்டியா?

வீட்டுக்குத் திடீரென்று ஆள் வந்தால் இனிப்புக்கு நான் முதலில் தேடுவது ஏத்தன்பழத்தைத்தான். நேந்திரம்பழம் என்றால் எல்லோருக்கும் புரியும். நாகர்கோவில் பக்கம் எங்களுக்கு அது ஏத்தன்பழம். நீளவாக்கில் கீறி, நெய்யில் சிவக்க வதக்கி, பாகில் புரட்டி, சூடு ஆறுவதற்குள் தட்டில் வைத்துவிடலாம். மொத்தமே கால் மணி நேர வேலை. ஆச்சி இதைக் கருப்பட்டியில் செய்வார், அம்மா வெல்லத்தில். நான் மூன்றிலும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் சாதாரண வெள்ளைச் சீனியில் வந்து நிற்கிறேன். வெல்லமும் கருப்பட்டியும் இருக்கிற வீட்டில் சீனி டப்பாவை எடுக்கிறாயே என்று அம்மாவுக்கு இன்னமும் வருத்தம். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டு பழத்துக்கு ஐம்பது கிராம் இனிப்புதான் போகிறது. உடம்புக்கு எது நல்லது என்ற பேச்சும் இந்த அளவுக்குப் பெரிதாகப் பொருந்தாது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் தாதுச்சத்து கொஞ்சம் இருக்கிறது, சரி. ஆனால் மூன்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘வெல்லம்தானே’ என்று கூட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னைச் சீனியின் பக்கம் இழுத்தது நிறம். தட்டில் தெரிகிற நிறத்தைச் சொல்லவில்லை, அடுப்பில் இருக்கும்போது தெரிகிற நிறத்தைச் சொல்கிறேன்.

சீனி வெள்ளையில் தொடங்குகிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து அடுப்பில் வைத்தால் முதலில் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகும். தண்ணீர் இருக்கும்வரை பாகின் சூடு 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. சிறு குமிழாகச் சலசலவென்று கொதிக்கும். தண்ணீர் வற்ற வற்ற குமிழ் பெரிதாகி, மெதுவாக உடையும். அதற்கப்புறம் சூடு மளமளவென்று ஏறி, 160, 170 டிகிரி வாக்கில் ஓரத்தில் வைக்கோல் நிறம் தட்டும். அங்கிருந்து தேன் நிறம், தேனிலிருந்து கடுந்தேநீர் நிறம், அப்புறம் புகை. வைக்கோல் நிறத்திலிருந்து புகை வரை என் அடுப்பில் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. இனிப்பு குறைந்து, லேசான கசப்பும் வறுத்த வாசனையும் சேர்கிற இடம் எது என்று பார்த்தே நிறுத்தலாம். தேன் நிறம் வந்ததும் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். பாத்திரத்தின் சூடே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வெல்லத்தில் இந்த வசதி கிடையாது. அது வரும்போதே பழுப்பு. கரும்புச்சாற்றை ஆலையில் கொப்பரையில் வைத்துக் காய்ச்சிக் காய்ச்சித்தான் வெல்லம் ஆகிறது. சிவக்கிற வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. அதை வீட்டில் மறுபடி ஏற்றினால் எந்த நொடியில் எல்லை தாண்டுகிறது என்று கண் சொல்லாது. போன கோடையில் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தபோது எனக்கு இது நடந்தது. பாகு ‘இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்’ என்று விட்டேன். பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை, வாசனை மட்டும் ஒரு மாதிரி மாறியது. வாயில் வைத்தபோது கசப்பு தொண்டை வரை இறங்கியது. நல்ல பழம் நான்கு வீண். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வெறும் ஐஸ்கிரீம்தான் கொடுத்தேன்.

தப்பு வெல்லத்தின் மேல் இல்லை. அதனிடம் கேட்கக் கூடாததை நான் கேட்டேன். வெல்லப்பாகைப் பதம் பார்க்க நம் வீடுகளில் இருக்கிற வழியே வேறு. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பது. அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் அப்படித்தான் பார்க்கிறோம். அது பாகின் கெட்டியைச் சொல்லும், கருகலைச் சொல்லாது. அதனால் வெல்லத்தில் செய்கிறவர்கள் சிவக்க வைக்க முயலவே வேண்டாம். கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பதத்துக்கு முன்னால் கரண்டியில் ஒட்டுகிற கெட்டி வந்ததும் பழத்தைப் போட்டுப் புரட்டி இறக்கிவிடுங்கள். 1951இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ‘பனானாஸ் ஃபாஸ்டர்’ என்ற வாழைப்பழ இனிப்பிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. பழுப்புச் சீனியை வெண்ணெயில் உருக்கி, பழத்தை அதில் புரட்டி, ரம் ஊற்றிக் கொளுத்துவார்கள். அது பாகுதான், சீனியை வெறுமனே சிவக்க வைத்த ருசி வேறு.

கருப்பட்டி பற்றி நான் கவனமாகத்தான் பேச வேண்டும். அதில் மொத்தம் நான்கைந்து தடவைதான் செய்திருக்கிறேன். நல்ல உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அதன் புகைவாசத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்த வாசம் பழத்தை மூடிவிடுகிறது. ஒரு தட்டு சாப்பிட்டு முடித்தால் கருப்பட்டி சாப்பிட்ட நினைவு இருக்கிறது, ஏத்தன்பழம் சாப்பிட்ட நினைவு இல்லை. சுக்கு சேர்த்தால் இன்னும் அப்படி. பழம் நன்றாகக் கனியாமல் சப்பென்று இருக்கும் நாளில் அதுவே கைகொடுக்கும். கடையில் சீனி கலந்த கருப்பட்டியும் வருகிறது. அது பாகில் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்பிச் சொல்ல முடியாது.

சீனியில் செய்வதற்குச் சில கட்டாயங்கள் உண்டு. இரும்புச்சட்டியும் கறுப்பு நான்ஸ்டிக்கும் வேண்டாம், அடி தெரியாது. நிறம் பார்க்கத்தானே சீனிக்கு வந்தோம்! அடிகனமான எவர்சில்வர் வாணலி போதும். சந்தேகம் வந்தால் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சீனி கரையும்போது கரண்டி போட்டுக் கிண்டினால் மறுபடி மணல் மாதிரி பூத்துவிடும். வாணலியைப் பிடித்துச் சுழற்றினால் போதும், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் உதவும்.

பழத்தைத் தனியாக முதலில் நெய்யில் சிவக்க விட்டு எடுத்து வைத்துவிடுங்கள். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, அழுத்தினால் லேசாக அமுங்குகிற பழம் வேண்டும். அதே வாணலியைத் துடைத்துவிட்டு நான்கு மேசைக்கரண்டி சீனி, இரண்டு கரண்டி தண்ணீர். தேன் நிறத்தில் அணைத்து, ஒரு கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு, அப்புறம் கால் டம்ளர் வெதுவெதுப்பான தேங்காய்ப்பால். ஜில்லென்று ஊற்றினால் பாகு கல்லாக இறுகும். எப்படி ஊற்றினாலும் ஆவி சீறிக்கொண்டு வரும். முகத்தைத் தள்ளி வையுங்கள், பிள்ளைகளை அடுப்படியில் நிற்க விடாதீர்கள். பாகு பட்ட புண் கொதிநீர் பட்டதைவிட மோசம், தோலில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் பழத்தைப் போட்டு, ஏலக்காய் தூவி, சின்னத் தீயில் ஒரு நிமிடம்.

வெல்லம் தெளிவாக ஜெயிக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. காலையிலேயே செய்து வைத்து மாலையில் சூடாக்கிப் பரிமாற வேண்டுமென்றால் வெல்லம்தான். அந்தப் பாகு ஆறினாலும் இளகியே இருக்கும். சீனிப் பாகு தேங்காய்ப்பால் சேர்த்தும் ஆறினால் கெட்டியாகி இழுக்கும். மறுபடி சூடாக்கும்போது பழம் குழைகிறது. இருபது பேருக்குச் செய்யும் நாளில் நானும் அம்மாவின் வழிக்கே போகிறேன்.

இப்போது ஒன்று முயன்றுகொண்டிருக்கிறேன், இதுவரை இரண்டே தடவை. சீனியைத் தேன் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, தேங்காய்ப்பாலோடு ஒரு கரண்டி வடிகட்டிய கருப்பட்டிக் கரைசலும் விடுவது. சிவக்க வேண்டியது கண்ணெதிரே சிவந்து முடிந்தபின் சேர்வதால் கருப்பட்டி கருகுவதில்லை, அதன் வாசம் மட்டும் பின்னாலிருந்து வருகிறது. முதல் தடவை இரண்டு கரண்டி விட்டேன், பழம் மறுபடி அடங்கிப்போனது. ஒரு கரண்டி விட்ட அன்று அம்மா தட்டை நீட்டி இன்னும் ஒரு துண்டு கேட்டார்.