அம்மாவின் இரண்டு கண்களும் ரைலியின் வட்டங்களும்

ஆங்கிலேய ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் 'மெசெஞ்சர்ஸ்' (தூதர்கள்) ஓவியத்துக்காகவே லண்டன் நேஷனல் கேலரிக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. அம்மாவோடு போன ஐந்தாவது முறைதான் அதை முழுதாகப் பார்த்தேன்.

அனென்பெர்க் கோர்ட் என்ற கூடத்தின் வெள்ளைச் சுவரில் 2019இல் நேரடியாகத் தீட்டப்பட்டது. மங்கிய பச்சை, ஊதா, ஆரஞ்சு வட்டங்கள், வேறொன்றுமில்லை. கைபேசிப் படத்தில் சட்டைத் துணிபோலத் தெரியும். அதை நம்பிப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

காலை 10 மணிக்குக் கதவு திறந்ததும் போங்கள். சற்றுத் தள்ளி நின்று ஒரு பச்சை வட்டத்தை அரை நிமிடம் விடாமல் பாருங்கள். பிறகு பார்வையைப் பக்கத்து வெற்றிடத்துக்கு நகர்த்துங்கள். யாரும் தீட்டாத இளஞ்சிவப்பு வட்டம் ஒன்று அங்கே மிதக்கும். பச்சையைப் பார்த்துப் பார்த்துக் களைத்த கூம்பு செல்கள் (விழித்திரையில் நிறத்தை உணரும் செல்கள்) பின்வாங்க, மற்றவை முந்திக்கொள்வதால் வரும் நிறம் அது. கண் பரிசோதனை என் தொழில். காரணம் தெரிந்தும் ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது. தலைப்பு, மேகங்களைப் பற்றி ஓவியர் கான்ஸ்டபிள் சொன்ன சொல்லிலிருந்து வந்தது. மேகத்தைத் தூது விட்ட இலக்கியம் படித்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை நீக்கி மூன்று மாதம் ஆகிறது. இடது கண் பாக்கி. உள்ளங்கையால் கண்களை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தவள், "இந்தக் கண்ணில் ஊதா, அந்தக் கண்ணில் மண் நிறம். எதடி நிஜம்?" என்று கேட்டாள். புரை விழுந்த லென்ஸ் பழுப்பேறி நீல ஒளியைத் தடுக்கும். ஊதாவிலிருந்து நீலம் போனால் அப்படித்தான் தெரியும். தினமும் நோயாளிகளிடம் சொல்வதுதான். ஆனால் அன்று எனக்குப் பதில் வரவில்லை.

ரைலியின் பழைய கறுப்பு வெள்ளை ஓவியங்கள் எனக்குக் கடினமானவை. 'ஃபால்' (1963) முன்னால் சிறிது நேரம் நின்றாலே தலை சுற்றும். இந்தச் சுவர் கண்ணை அதட்டுவதில்லை, காத்திருக்கிறது. 1959இல் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் ஓவியம் ஒன்றைப் பிரதி எடுத்துத்தான் நிறங்கள் அருகருகே நின்றால் என்ன ஆகும் என்பதை ரைலி கற்றார். அதே கேலரியில் இருக்கும் சூராவின் 'பேதர்ஸ் அட் அஸ்னியேர்' ஓவியத்தையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் இடது கண்ணுக்கும் தேதி குறித்தாயிற்று. அதற்கு முன் ஒரு முறை அழைத்துப்போகச் சொல்கிறாள். அந்த மண் நிறத்தை இன்னொரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.