திரை மாற்றக் கொடுத்த கைப்பேசியில் வாட்ஸப் திருடப்பட்டது: ஓர் எச்சரிக்கை

கீழக்கரையில் வசிக்கும் நான், திரை உடைந்த என் கைப்பேசியைச் சென்ற மாதம் ராமநாதபுரத்திலுள்ள ஒரு கடையில் பழுது நீக்கக் கொடுத்தேன். புதிய திரை சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க வேண்டும் எனக் கூறிப் பூட்டு எண்ணைக் கேட்டார்கள். நான் சொன்னதும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பேசியின் முதுகில் ஒட்டினார்கள். மறுநாள் வாங்கி வந்தபோதும் சீட்டு அப்படியே இருந்தது.

ஒன்பது நாள் கழித்துத் துபாயிலிருந்து தம்பி அழைத்து, "லாத்தா, நீங்க கேட்ட நாற்பதாயிரத்தை அந்த நம்பருக்கே அனுப்பவா?" என்றான். நான் எதுவும் கேட்கவில்லை. நம் வாட்ஸப் கணக்கு வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்தால், நான் ஒருபோதும் இணைக்காத ஒரு கணினி அங்கே இருந்தது. கைப்பேசி என் கையை விட்டுப் போனது அந்த ஒரு நாள் மட்டுமே. பணம் தப்பியது, ஆனால் ஆதார் படமும், வங்கிப் புத்தகமும், எங்கள் வீட்டுப் பெண்கள் தமக்குள் மட்டும் பகிர்ந்துகொண்ட திருமணப் படங்களும் அந்த உரையாடல்களில்தான் இருந்தன. அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

கடையில் கேட்டபோது, "நம்பரைக் கொடுத்தது நீங்கதானே" என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டுப் பலர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். திரையைச் சோதிக்கத் தந்த அனுமதி, உள்ளே இருப்பதைப் படிப்பதற்கான அனுமதி ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, உரிமையாளரின் அனுமதியின்றி நுழைவதற்கும் தரவை நகலெடுப்பதற்கும் 43ஆம் பிரிவில் இழப்பீடு கோர வழிசெய்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கில் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிறர்போல நடித்துக் கணினி வழியே ஏமாற்றுவது 66டி பிரிவில் தனிக் குற்றம்.

அந்நியச் சாதனத்தைக் கண்டால் பதற்றத்தில் உடனே வெளியேற்றிவிடாதீர்கள்; சாதனத்தின் பெயரும் கடைசியாக இயங்கிய நேரமும் தெரியும்படி முதலில் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துக்கொண்டு, அதன்பின் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். இனிப் பழுதுக்குக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். முடிந்தால் தரவை வேறிடத்தில் சேமித்துவிட்டுக் கைப்பேசியில் உள்ளதை முழுதாக அழித்துக் கொடுங்கள். எண் கேட்டால், எதிரில் நின்று நீங்களே திறந்து காட்டுங்கள்.

மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். முதுகில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டையும் திரைப்பிடிப்புடன் சேர்த்தே ஒப்படைத்தேன்.