கேம்பர்: மைனஸ் இரண்டா, மைனஸ் ஒன்றா?

கேம்பர் என்றால் முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், டிகிரியில் சொல்வது; சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்தால் மைனஸ். என் ஸ்விஃப்ட் காரில் இரண்டையும் வைத்து ஓட்டிவிட்டேன். இப்போது முன்சக்கரங்கள் மைனஸ் ஒன்றில் இருக்கின்றன, இனி மாற்றுகிற எண்ணம் இல்லை.

கம்பெனி அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். நேர்ச்சாலைக்கு அது போதும். வளைவில்தான் சிக்கல். என்னுடையதைப் போல மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன்) வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையும் கூடவே வெளியே சாய்ந்து, டயர் ஓரத்திலேயே ஓடும். டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்த்தேன், தரையைத் தொடவே கூடாத இடம்வரை கோடு அழிந்திருந்தது.

அதற்காகத்தான் கேம்பர் போல்ட் (திருகினால் சக்கரத்தின் சாய்வை மாற்றும் போல்ட்) போட்டு மைனஸ் இரண்டுக்குப் போனேன். கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் அருமையாக இருந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உள்ளே போனது. ஆனால் அங்கே வருஷத்துக்கு இரண்டு நாள்தான் ஓட்டுகிறேன், மீதி நாளெல்லாம் ஆபீஸும் வீடும்.

தேய்மானம்தான் என் முடிவை மாற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) நன்றாகவே தெரியும், தேய்வது உள் ஓரம், அது கண்ணில் படாது. 9,000 கிலோமீட்டரில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைத்து விரலை உள்ளே விட்டுத் தடவினால் வெளி ஓரத்தில் பட்டன் 5 மில்லிமீட்டர், உள் ஓரம் வழவழவென்று மொட்டை. மழையில் வால்பாறை இறங்குகிறவன் அப்படி ஒரு டயரை நம்பக் கூடாது. சரி, இடம் வலமாக மாற்றிப் போடலாமே என்றால், எந்தப் பக்கம் போட்டாலும் உள் ஓரம் உள்ளேதான் இருக்கும். ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால்தான் மாறும், உள் வெளி குறித்த டயரில் அதுவும் முடியாது.

முழுப் பழியையும் கேம்பர் மேல் போடவும் முடியாது. கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) நகர்ந்துவிடும், டயரைத் தின்பதில் டோதான் பெரிய ஆள். எனக்கு அலைன்மென்ட் செய்த கடையில் போல்ட்டை முறுக்கியபின் டோவைத் திரும்பப் பார்க்கவில்லை. அதனால் அந்த 9,000-ல் எவ்வளவு எதன் வேலை என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

மைனஸ் ஒன்றில் டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வைத்தேன். அளவு வித்தியாசப்பட்டால் மைனஸ் குறைவான பக்கம் வண்டி இழுக்கும். 12,000 ஓடியபின் வெளி ஓரம் 6.2 மில்லி, உள் ஓரம் 5.8. வளைவில் மைனஸ் இரண்டின் கூர்மை இல்லை, ஆனாலும் கம்பெனி அளவில் இருந்த பழைய வழுக்கல் போய்விட்டது. பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு), அங்கே போல்ட்டைத் திருகி மாற்ற வழி கிடையாது, விட்டுவிட்டேன்.

டபுள் விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன்) வண்டி வைத்திருப்பவர்கள் என் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம், அது வளைவில் கேம்பரைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை டிராக்கில் ஓட்டி, அதற்கென்று தனி டயர் செட்டும் வைத்திருந்தால் மைனஸ் இரண்டுக்கே போங்கள். மற்றவர்கள் மைனஸ் ஒன்று வைத்து, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.