கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கருக்கு யமஹா ஏ-எஸ்501 ஆம்ப் (ஒலிபெருக்கிக்குப் பவர் கொடுக்கும் கருவி) போதுமா?

போதும். ஆனால் எவ்வளவு பெரிய அறையில், எவ்வளவு சத்தத்தில் என்பதையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்ல முடியும். ஜோடி சேர்க்கும்போது பலரும் ஆம்ப் எத்தனை வாட் என்று மட்டும் பார்க்கிறார்கள், நான் முதலில் பார்ப்பது ஸ்பீக்கரின் ஓம் (மின்சாரத்துக்கு அது காட்டும் தடை), சென்சிட்டிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) இரண்டையும்.

2020-இல் வந்த இந்த ஸ்பீக்கரில் ஐந்தேகால் அங்குலக் கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் (மேல்சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) உட்கார்ந்திருக்கிறது, அதனால் குரல் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது, பாடுபவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்கிற மாதிரியே இருக்கும். 8 ஓம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் ஓம் என்பது எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை, இதில் குறைந்தபட்சம் 3.5 ஓம் வரை இறங்கும் என்று கேஇஎஃப் தரும் விவரத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தில் அதே வோல்டேஜுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கரண்ட் வேண்டும், சின்ன ஆம்ப்கள் மூச்சு வாங்குவது அங்கேதான்.

அப்புறம் சென்சிட்டிவிட்டி, 85 டெசிபெல். இது குறைவு. கிளிப்ஷ் நிறுவனம் தன் ஹெரெஸி 4 ஸ்பீக்கருக்கு 99 என்று சொல்கிறது, இடையில் 14 டெசிபெல். கணக்குப் போட்டால் அதே சத்தத்துக்கு எல்எஸ்50-க்கு 25 மடங்கு பவர் தேவை, அதாவது 8 வாட் வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய பாணி ஆம்ப்) அங்கே செய்கிற வேலைக்கு இங்கே 200 வாட். ஆகவே வால்வ் ஆம்ப் ஆசை இருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஸ்பீக்கரை வாங்காதீர்கள்.

யமஹா தருவது 8 ஓமில் ஒரு சேனலுக்கு (இடது, வலது ஒவ்வொன்றுக்கும்) 85 வாட், அதுவும் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது. இப்படி முழுசாகச் சொல்லும் எண்ணைத்தான் நம்பலாம். ஒரு கிலோஹெர்ட்ஸில், ஒரே சேனலில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) அளந்துவிட்டுப் பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் வாட்டுக்கு மதிப்பே இல்லை. ஸ்பீக்கருக்கு கேஇஎஃப் பரிந்துரைப்பது 40 முதல் 100 வாட், அதற்குள் இது வசதியாக அடங்குகிறது.

சாதாரணமாகக் கேட்கும்போது ஒன்றிரண்டு வாட்தான் செலவாகும், ஆனால் இசையில் திடீரென்று எழும் உச்சங்கள் சராசரியைவிட 15, 20 டெசிபெல்கூட மேலே போகும், அந்த நொடிக்குத்தான் மிச்ச வாட் எல்லாம். இரண்டரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்டபோது மிருதங்கத்தின் வலந்தலை அடி சுருங்காமல் வந்தது, வீணையின் மீட்டு தெளிவு. ஆம்ப் தடுமாறினால் கிளிப்பிங் வரும், அதாவது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும், சின்ன ஆம்ப்பை முழு வால்யூமில் ஓட்டுகிறவர்களின் ட்வீட்டர் எரிவதும் அதனால்தான்.

குறை பேஸில், அதாவது கீழ்ச்சுரங்களில். 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கர் வேகமாக இறங்கிவிடுகிறது, எந்த ஆம்ப்பும் அதை மாற்றாது. யமஹாவில் சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) இணைக்க அவுட் இருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் கீழ்ச்சுரங்களை அது வெட்டாது, சப் வைத்தாலும் அந்தச் சின்னக் கூம்பு முழு பேஸையும் சுமந்துகொண்டே இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லவுட்னஸ் குமிழ். நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்தில் வால்யூமை வைத்துவிட்டு, பிறகு லவுட்னஸைத் திருகிக் குறைக்க வேண்டும், இடைச்சுரங்கள் மட்டும் கூடுதலாக இறங்கும். ராத்திரி மெதுவாகக் கேட்கும்போதும் பாட்டு மெலிந்து போவதில்லை. இந்த ஸ்பீக்கருக்கு இது பெரிய உதவி, ஏன் மற்ற ஆம்ப்களில் இதை வைப்பதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

வயர் பற்றி அதிகம் கவலை வேண்டாம், மூன்று மீட்டருக்கு 16 கேஜ் செம்பு வயர் போதும்.

அறை பெரிது, நான்கைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து சத்தமாகக் கேட்பீர்கள் என்றால் இந்த ஜோடி வேண்டாம், பெரிய ஆம்ப் வாங்கினாலும் தீராது. 85-ஐ 170 வாட் ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான், ஸ்பீக்கரும் 106 டெசிபெலைத் தாண்டாது. அங்கே தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கரைப் பாருங்கள், சென்சிட்டிவிட்டி 90-க்கு மேல் இருந்தால் இதே யமஹாவே போதும்.