தண்ணீர்ச் சூட்டை எதில் பார்ப்பது?

வாட்டர் கூலிங் போட்ட கம்ப்யூட்டரிலும் ஃபேனை சிபியு சூட்டோடு கட்டிவைத்தால் நிம்மதி கிடையாது. ஒரு பிரவுசர் திறந்தாலே சிபியு 45-லிருந்து 70-க்குத் தாவும், ஃபேன் ஊளையிடும், இரண்டு நொடியில் அடங்கும், மறுபடி ஊளை. தண்ணீர் அப்படித் தாவாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 400 வாட் சூடு இறங்கி, ரேடியேட்டர் துளிகூட வெளியேற்றாவிட்டாலும், நிமிடத்துக்கு 6 டிகிரிக்குள்தான் ஏறும். ஃபேன் கேட்க வேண்டியது தண்ணீரின் பேச்சை.

சரி, எதை வாங்குவது? என் ஓட்டு 10 கிலோ ஓம் தெர்மிஸ்டருக்கு, அதாவது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சென்சாருக்கு. லூப்பில் (தண்ணீர் சுற்றிவரும் பாதையில்) திருகி, இரண்டு ஒயரையும் மதர்போர்டில் சொருகினால் வேலை முடிந்தது, ப்ளஸ் மைனஸ் குழப்பம்கூட இல்லை. ஆசஸ் போர்டு பலவற்றில் அந்த இடத்தில் டி_சென்சார் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் சென்சாரைச் சொருகும் அந்த இடமே இருக்காது. இருந்தாலும் சிலவற்றில் எண் மட்டும் தெரியும், ஃபேனை அதோடு கட்ட பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அமைப்பு மென்பொருள்) விடாது. அப்புறம் விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் மென்பொருளை நம்ப வேண்டும், அது நின்றுபோனால் கதை கந்தல்.

அந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு அக்வாகம்ப்யூட்டர் குவாட்ரோ என்ற தனி ஃபேன் கன்ட்ரோலர். நான்கு ஃபேன் சானல், நான்கு சென்சார் சொருக இடம். ஃபேன் வேகக் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் விண்டோஸ் உறைந்து கிடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். லினக்ஸ் கெர்னலிலும் டிரைவர் உண்டு. விலைதான் சென்சாரைப்போல் பல மடங்கு, ஒரே ஒரு லூப்புக்கு எனக்கு மனசு வரவில்லை.

சின்ன எல்சிடி வைத்த தெர்மாமீட்டர்? எண்ணைக் காட்டும், ஃபேனுக்கு ஒன்றும் சொல்லாது. கண்ணாடிக் கேஸுக்குப் பொட்டு வைத்த மாதிரி.

ஏஐஓ (பம்பு, ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக மூடி வரும் ரெடிமேட் வாட்டர் கூலர்) வைத்திருப்பவர்கள் எதையும் திருக முடியாது. என்இசட்எக்ஸ்டி கிராக்கன் போன்றவற்றில் சென்சார் உள்ளேயே இருக்கிறது, யுஎஸ்பி வழியாகப் படிக்கலாம், லினக்ஸில் லிக்விட்சிடிஎல் மென்பொருள் போதும். மலிவு ஏஐஓக்கள் பலவற்றில் அது கிடையவே கிடையாது, வாங்கும் முன் பாருங்கள்.

லூப்பில் எந்த இடத்தில் சென்சார் வைப்பது என்று மண்டையை உடைக்காதீர்கள், இடத்துக்கு இடம் வித்தியாசம் ஓரிரண்டு டிகிரிதான். ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டு, காலையில் ஆன் செய்தவுடன் சென்சார் காட்டுவதை அறைத் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டால் அதன் பிழை தெரிந்துவிடும். அறை 32 டிகிரி என்றால் தண்ணீர் 45 வரை தாராளமாகப் போகலாம். தண்ணீரைச் சுற்றவிடும் டி5 பம்பின் வரம்பு 60. நான் 50-லேயே அலாரம் வைத்திருக்கிறேன்.