ஆளுக்கொரு சக்கரம்: தம்பதியருக்கான தொடக்கநிலை மண்பாண்ட வகுப்பு

தம்பதியருக்கென நடத்தப்படும் மண்பாண்ட வகுப்பில் சேர விரும்புவோர் முதலில் கேட்டறிய வேண்டியது, ஆளுக்கொரு சக்கரம் தருவார்களா என்பதைத்தான். நானும் என் கணவரும் சேர்ந்த வகுப்பில் தந்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் பயனுள்ளதாக அமைந்ததற்கு அதுவே முதற்காரணம். இருவர் ஒரே சக்கரத்தில் கைகோத்து வனைவது விளம்பரப் படங்களில் அழகாகத் தெரியலாம். ஆனால், சுழலும் மண்ணை நடுவில் நிலைநிறுத்த, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் கைகளை அசையாமல் வைத்திருக்க வேண்டும். நான்கு கைகள் நான்கு விதமாக அழுத்தினால் மண் நடுவுக்கு வரவே வராது.

எங்கள் ஆசிரியர் ஏறத்தாழப் பாதி நேரத்தை இந்த மையப்படுத்தலுக்கே ஒதுக்கினார். நன்கு பிசைந்து காற்றுக்குமிழ்களை நீக்கிய மண்ணுருண்டையைச் சக்கரத்தின் நடுவில் ஓங்கி ஒட்டவைத்து, நீர் தொட்டு, மிதியை அழுத்தி வேகத்தைக் கூட்டி, இடக்கையால் பக்கவாட்டிலும் வலக்கையால் மேலிருந்தும் அழுத்தச் சொன்னார். முதலில் உள்ளங்கையை இடித்துத் தள்ளும் மண், சரியான அழுத்தம் கிடைத்ததும் அடங்கி, தூங்கும் பம்பரம்போல, சுழல்வதே தெரியாமல் சுழல்கிறது. என் கை தடுமாறியபோது ஆசிரியர் மண்ணைத் தொடவில்லை. என் முழங்கையில் விரலை வைத்து, "அழுத்தம் இங்கிருந்து வரட்டும்" என்று மட்டும் சொன்னார். மாணவரின் பாத்திரத்தைத் தாமே வனைந்து கொடுத்துவிடும் ஆசிரியரைவிட இத்தகையவர் பன்மடங்கு மேலானவர்.

கட்டைவிரலால் குழி எடுப்பதும் அடியை அகலப்படுத்துவதும் எளிதாகவே வந்தன. சுவரை உயர்த்துவதுதான் கடினம்: வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரு கையின் விரல்களும் வெளியே மறுகையின் விரல்களும் மண்ணைப் பிடித்தபடி, அடியிலிருந்து விளிம்புவரை ஒரே சீராக ஏற வேண்டும். என் கணவரின் கிண்ணம் பாதி உயரத்திலேயே தளர்ந்து ஆடத் தொடங்கியது. நீர் அதிகமானால் மண் அதை உறிஞ்சி வலுவிழக்கும் என்று விளக்கிய ஆசிரியர், உள்ளே தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றியெடுக்கச் செய்து கிண்ணத்தைக் காப்பாற்றினார். அதை அருகிலிருந்து பார்த்ததால், என் சக்கரத்தில் நீரைக் குறைத்துக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் கற்பதே இவ்வகுப்பின் உண்மையான இன்பம் என்று கருதுகிறேன்.

குறை ஒன்று உண்டு. வனைந்ததை அன்றே எடுத்துச் செல்ல முடியாது என்பதைப் பணம் கட்டிய பிறகே சொன்னார்கள். பாத்திரம் மெல்ல உலர வேண்டும்; பாதி உலர்ந்து இறுகிய பதத்தில் அதன் அடியைச் சீவ வேண்டும்; முழுதும் உலர்ந்தபின் சூளையில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் சுட்டு, கிளேஸ் எனும் கண்ணாடிபோன்ற மேற்பூச்சைப் பூசி, மீண்டும் சுட வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். உலர்ந்து சுடும்போது பாத்திரம் 10 விழுக்காடு அளவுக்கோ அதற்கு மேலோ சுருங்கும் என்பதையும் முன்பே அறிவித்திருந்தால், கோப்பை செய்ய நினைத்தவர்கள் சற்றுப் பெரிதாகவே வனைந்திருப்பார்கள். நகங்களை வெட்டிக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருமாறும் பதிவின்போதே சொல்லலாம்.

அடியைச் சீவும் வேலையை இவ்வகுப்பில் வகுப்பை நடத்துவோரே செய்துவிடுகிறார்கள். அதையும் மாணவரிடமே விடும் அடுத்த நிலை வகுப்புக்கு நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.