ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி: வடசென்னையில் வந்து இறங்குகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது தேதியில்தான். ஆடி மாதத்துக்கு 31 நாளோ 32 நாளோ. நட்சத்திரம் ஒரு சுற்று வர 27 நாள் சொச்சம். அதனால் சில வருஷம் ஒரே ஆடியில் கிருத்திகை இரண்டு தடவை வந்துவிடும். 2025இல் ஜூலை 20, ஆகஸ்ட் 16 இரண்டும் கிருத்திகை. திருத்தணியில் விழா எடுத்தது ஆகஸ்டில். கோயிலின் விழாப் பத்திரிகையைப் பார்க்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ அச்சாகும் காலண்டர் அந்த ஊர் நேரத்துக்குக் கணித்தது, ஒரு நாள் முன்னே பின்னே காட்டும்.

அசுவினி, பரணி, கிருத்திகை, அப்புறம் இரண்டு நாள் என்று விழா மொத்தம் ஐந்து நாள். கிருத்திகை மாலையிலிருந்து மூன்று நாள் அடிவாரத்தில் சரவணப் பொய்கையில் தெப்பம். முருகனை நிதானமாக நின்று பார்க்க வேண்டும் என்றால் இந்த ஐந்து நாளையுமே விட்டுவிட்டு ஒரு சாதாரண வாரநாளில் போகலாம். கிருத்திகையன்று போவது காவடியைப் பார்க்க. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மஞ்சள் துணியோடு பம்பை அடித்துக்கொண்டு வருவதைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

தூரம் எண்பது கிலோமீட்டர் சொச்சம்தான் என்று வாடகைக் கார் பிடிப்பவர்கள் அதிகம். மற்ற நாளில் சரி, மலைப்பாதையில் கார் மேலேயே போகும். விழா நாளில் தனியார் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து நடை, வெயிட்டிங் சார்ஜ் தனி. ரயில்தான் உத்தமம். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயில் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம் வழியாக அரக்கோணம் போகிறது. நேரே திருத்தணி போகும் வண்டி குறைவு. கிடைக்காவிட்டால் அரக்கோணத்தில் மாறிக்கொள்ளலாம், விழாவுக்கென்று அங்கிருந்து சிறப்பு ரயில்களும் விடுவார்கள். பெரம்பூரில் ஏறினால் உட்கார இடம் இருக்காது. வயசானவர்கள் கூட வந்தால் மூர் மார்க்கெட்டுக்கே போய் ஏறுங்கள். மாலையில் திருத்தணி கவுண்டரில் வரிசை நகராது, ரிட்டர்னும் சேர்த்தே காலையில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

படி 365, வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. ஏற்றம் கஷ்டமில்லை, கஷ்டம் கல்லின் சூடு. வருஷம் முழுக்க ஷூ போட்டுப் பழகிய கால் பத்து மணி வெயிலுக்கே கொப்பளித்துவிடும். எட்டு மணிக்குள் மேலே இருக்கப் பாருங்கள். பால்குடத்தில் சிந்தின பாலும் மிதிபட்ட பூவும் சேர்ந்து படி வழுக்கும். ஓரமாக நடப்பது நலம். காவடிக்காரர் ஆடிக்கொண்டு வந்தால் விலகி வழி விடுங்கள், குறுக்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

கூட்டத்தில் டவர் தாங்காது. ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும், வெளிநாட்டு சிம்முக்கு ஓடிபி வந்து சேராது. ஐந்நூறு ரூபாய்த் தாளை யாரும் மாற்றித் தரவும் மாட்டார்கள். பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை கையில் இருக்கட்டும். மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021இலிருந்தே இலவசம். நாள் முழுக்க அன்னதானமும் அதே வருஷம் இங்கே தொடங்கியது.

மேலே போனால் சன்னதிக்கு எதிரிலுள்ள யானைச் சிலையைக் கவனியுங்கள். சாமிக்கு முதுகு காட்டி வெளியே பார்த்தபடி நிற்கும். அவசரத்தில் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

படியோ கூட்டமோ ஒத்துவராத பெரியவர்களுக்குப் பூங்கா நகர் கந்தகோட்டம் இருக்கிறது. ஆடிக் கிருத்திகை அங்கேயும் விசேஷம்தான், சென்ட்ரலிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். பக்கத்திலேயே ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வள்ளலார் இருந்த வீடு. கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டதாகச் சொல்வது அந்த வீட்டில்தான். தெரு குறுகல், கார் உள்ளே போகாமல் முனையிலேயே இறங்கிவிடுங்கள்.